மூணாறு மழையில் அபூர்வ ஜெரேனியம்: குச்சி முதல் கண்காட்சி வரை

மூணாறு, தேவிகுளம், சூரியநெல்லி பக்கம் ஜெரேனியம் இல்லாத லயத்தை, அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டை, பார்ப்பது கஷ்டம். பெயின்ட் டப்பாவிலும் ஓட்டை பக்கெட்டிலும் சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். அந்தச் சிவப்புக்கு வழிகாட்டி எதுவும் வேண்டாம், ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் வந்துவிடும். இந்தக் கட்டுரை அதைத் தாண்டி ஆசைப்படுகிறவர்களுக்கு: இலை ஐந்து முனையாக வெட்டுப்பட்டவை, பூ முழுதாக விரியாமல் ரோஜா மொட்டாகவே நிற்பவை, கறுப்புக்குப் பக்கத்து நிறத்தில் பூப்பவை, தண்டே நாலு மூலையாக வளர்பவை. இவற்றை நம் மழையில் உயிரோடு வைத்திருப்பது ஒரு வேலை. மே மாதக் கண்காட்சிக்குப் பூவோடு கொண்டுபோய் நிறுத்துவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மழைக்காலத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். எங்களைப் போல நாலைந்து வீடுகள் குழுவாகச் சேர்ந்தால் ஓடுகிறது. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நாம் ஜெரேனியம் என்று கூப்பிடுவதெல்லாம் தாவரவியலில் பெலார்கோனியம். ஏறக்குறைய 280 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை, அதிலும் கேப் பகுதிதான் தாய்வீடு. கேப் டவுனில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 500 மில்லிமீட்டர். மூணாறில் 3,000 மில்லிமீட்டர் சர்வசாதாரணம். நம் ஊரில் இந்தச் செடிகளுக்கு வரும் சாவு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. வெயிலையும் குளிரையும் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஈர வேரையும் ஈர இலையையும் மாதக்கணக்கில் தாங்காது.

எதிலிருந்து தொடங்குவது

முதல் வருஷம் மூன்று வகை போதும். ஒன்று, ரோஜா மண ஜெரேனியம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எண்ணெய் எடுப்பதற்காகப் பயிரிடுகிறார்களே, அதே செடி. இங்கே வளர்வது விதை கட்டாது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். கை பழக இதைவிட நல்ல செடி இல்லை. இரண்டாவது, ஸ்டெல்லர் வகையில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் டெட் போத் என்பவர் உருவாக்கிய வரிசை இது. இலை விரல் விரலாகக் கூர்ந்திருக்கும், பூவிதழும் ஒல்லியாகப் பிளந்திருக்கும். ‘வான்கூவர் சென்டெனியல்’ கிடைத்தால் விடாதீர்கள். இலை நடுவில் செம்பழுப்பு, ஓரத்தில் மஞ்சள் கலந்த பச்சை. பூ இல்லாத மாதத்திலும் பார்க்க நன்றாயிருக்கும்.

மூன்றாவது, ரீகல். அகலமான பூ, மேலிதழ்களில் கருந்திட்டு, ஓரம் சுருக்குச் சுருக்காக இருக்கும். சமவெளியில் பலருக்கு இது இலையோடு நின்றுவிடும், ஏனென்றால் மொட்டு உருவாக இதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ந்த இரவுகள் வேண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் மூணாறு இரவு அதைத் தாராளமாகக் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் நம் மலைக்கென்றே அமைந்த வகை இதுதான். போடி, கம்பம் பக்கத்திலிருந்து குழுவுக்கு வருகிறவர்கள் ரீகலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு ரோஜா மணத்தை எடுத்துப் போவதே நல்லது. அங்கேயும் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள்.

இந்த மூன்றும் ஒரு மழையைத் தாண்டிவிட்டால் அடுத்த கட்டம். மூவண்ண இலை கொண்ட ‘மிஸஸ் பொல்லாக்’ 1858-இல் இங்கிலாந்தில் பீட்டர் கிரீவ் உருவாக்கியது, இன்றும் வளர்க்கிறார்கள். மெதுவாகத்தான் வளரும், வெளிச்சம் குறைந்தால் சிவப்பு வளையம் மங்கிவிடும். ‘ஆப்பிள் பிளாசம் ரோஸ்பட்’ வெள்ளையில் ரோஜா விளிம்பு போட்ட மொட்டுப் பூ. அந்த அடுக்குக்குள் ஒரு சொட்டு நீர் தங்கினால் கொத்து முழுக்கப் பழுப்பாக அழுகும், எனவே கூரை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். பெப்பர்மின்ட் வாசம் வீசும் டொமெண்டோசம் மட்டும் கொஞ்சம் நிழலிலும் நன்றாக வரும். மெத்தென்ற இலையைக் கடந்து போகும்போதெல்லாம் கை தானாகப் போய்த் தடவும்.

காட்டு இனங்கள் கடைசியில். அவற்றில் சிடாய்டீஸ் எளிது. சாம்பல் வெள்ளி இலைக்கு மேலே கறுப்பை ஒட்டிய கருஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூ. டெட்ராகோனம் நாலு பட்டைத் தண்டு, எக்கினேட்டம் முள்தண்டு. டிரிஸ்டே கிழங்கிலிருந்து வரும். பகலில் ஒன்றுமே இல்லாதது போலிருந்து ராத்திரியில் மணக்கும். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய்விட்ட செடி. ஆனால் இதில் தொடங்கவே தொடங்காதீர்கள். டிரிஸ்டேயும் எக்கினேட்டமும் வருஷத்தில் சில மாதம் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். செத்துவிட்டதென்று நினைத்துத் தண்ணீரை ஊற்றினால் அப்போதுதான் நிஜமாகவே சாகும். இலை உதிர்ந்தால் தண்ணீரை நிறுத்துங்கள், தொட்டியைக் காய்ந்த இடத்தில் வையுங்கள், மறுபடி துளிர் தெரியும்வரை விட்டுவிடுங்கள்.

செடி எங்கே கிடைக்கும்

ஊட்டி, கொடைக்கானல் நர்சரிகளில் ரீகலும் சில மண இலை வகைகளும் கிடைக்கும். மே மாதக் கூட்டத்தில் பூவோடு வாங்கிவராதீர்கள். வீடு வந்து பதினைந்து நாளில் மழை பிடித்துவிடும். செப்டம்பர் கடைசியில் போங்கள், செடி அழகாக இருக்காது, பிழைக்கும். பழைய எஸ்டேட் பங்களாத் தோட்டங்களில் இன்று கடையில் இல்லாத வகைகள் மதிலோரம் நிற்கும். அனுமதி கேட்டு இரண்டு குச்சி வாங்கிக்கொள்ளலாம், கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் பெட்டியில் குச்சி போட்டுக் கொண்டுவரச் சொல்லும் ஆசை எல்லாருக்கும் வரும். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் இல்லாமல் அப்படிக் கொண்டுவரக் கூடாது. ஒரு நோய்க் குச்சி குழு முழுக்கச் செடியைக் காலி செய்துவிடும் என்பதால் எங்கள் குழுவில் இந்த விஷயத்தில் கண்டிப்பு உண்டு.

மற்றபடி முக்கியமான கடை குழுதான். எங்கள் வழக்கம் இது: அபூர்வமான எந்தச் செடியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, குறைந்தது மூன்று வீட்டில் இருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்று மறையூரோ காந்தளூரோ வட்டவடையோ. அந்தப் பக்கமெல்லாம் மழை மறைவுப் பிரதேசம்; ஜூலையில் மூணாறில் துணி காயாமல் கிடக்கும்போது மறையூரில் வெயில் அடிக்கும். எக்கினேட்டம், டெட்ராகோனம் மாதிரித் தண்டு தடித்த இனங்களையெல்லாம் எங்கள் குழுவிலுள்ள மறையூர் அக்கா வீட்டு மாடியிலேயே விட்டுவைத்திருக்கிறோம். மூணாறில் அழுகினால் அங்கிருந்து குச்சி வரும். ரீகல் அங்கே சூட்டில் சுணங்கினால் இங்கிருந்து போகும். யாரிடம் எது இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பதுதான் குழுவின் முதல் வேலை. தலைவர், செயலாளர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெயர் தெரியாத செடிக்குப் படத்தைப் பார்த்து நாமாக ஒரு பெயர் ஒட்டக் கூடாது. கிடைத்த இடத்தையும் நிறத்தையும் வைத்து ‘பங்களா மதில் சால்மன்’ என்று எழுதினால் போதும். தப்பான பெயர் ஒருமுறை கைமாறிவிட்டால் பத்து வீட்டில் பத்து வருஷம் ஓடும். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். மழையில் பேனா மை போய்விடும், பென்சில் நிற்கும்.

மண்

தேயிலைக் காட்டு மண்ணை அப்படியே தொட்டியில் அள்ளிப் போடாதீர்கள். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு ஜெரேனியத்துக்குப் பிடிக்காது. கார அமில நிலை 6-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ரொம்பக் கீழே போனால், முக்கியமாக சோனல் வகை (லயத்து வாசலில் பூக்கும் அந்தச் சாதாரண ஜெரேனிய வகை), இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்கு மீறி உறிஞ்சி இலையில் பழுப்புப் புள்ளி விழும். எஸ்டேட்டில் தேயிலைக்குப் போடும் அதே டோலமைட் சுண்ணாம்புப் பொடிதான் மருந்து. ஒரு பக்கெட் கலவைக்கு ஒரு கைப்பிடி. கலவை: செம்மண் ஒரு பங்கு, கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு, அதில் உடைத்த கரித்துண்டு கொஞ்சம். தேங்காய் நார்க்கழிவை எல்லாரும் சொல்வார்கள். சமவெளியில் சரி, இங்கே அது பிழியாத துணியாகவே இருக்கும். மண் தொட்டி நல்லது. வேருக்குத் தக்க சின்னத் தொட்டியாக இருக்கட்டும், பெரியது வேண்டாம்.

குச்சி வைப்பது

செப்டம்பரில் மழை இடைவெளி விடும்போது வெட்டிய குச்சிதான் அடுத்த மே மாதத்துக் காட்சிச் செடி. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள்; ஒரு தாய்ச் செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மறுபடி துடைக்க வேண்டும். பூக்காத நுனியாகப் பார்த்து மூன்று நான்கு அங்குல நீளம், கணுவுக்குச் சற்றே கீழே நேராக ஒரு வெட்டு. கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இலைக்காம்பின் அடியில் இரண்டு பக்கமும் காகிதம் போல மெல்லிய செதில் ஒட்டியிருக்கும், அதையும் நகத்தால் உரித்துவிடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், அழுகல் ஆரம்பிப்பதும் அங்கேதான். மொட்டு இருந்தால் இரக்கம் பார்க்காமல் கிள்ளுங்கள்.

அப்புறம் உடனே ஊன்றாதீர்கள். சோனல், ஸ்டெல்லர் குச்சிகளை நிழலில் சில மணி நேரம், ஈரமான நாளாக இருந்தால் மறுநாள் காலை வரை காயவிடுங்கள். வெட்டுவாய் வறண்டு தோல் கட்டும். மெல்லிய தண்டுள்ள மண இலை வகைகளுக்கு அரைமணி நேரம் போதும். பாதி மணல் பாதி கலவையில், சின்ன டம்ளரின் ஓரத்தையொட்டி ஊன்றி ஒருமுறை தண்ணீர். பிறகு மேல்மண் காய்ந்தால்தான்.

புதிதாக வருகிறவர்கள் ரோஜாக் குச்சிக்குச் செய்வது போல பாலிதீன் பையைக் கவிழ்த்துவிடுவார்கள். மறையூர் அக்கா அதைப் பார்த்ததும் உருவிவிட்டு, “மூடாதீங்க, இதுக்கு மூச்சு முட்டும்” என்பார். ஜெரேனியத்துக்கு அந்த மூடாக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே தேங்கும் ஈரத்தில் தண்டின் அடி கறுத்து வழுவழுப்பாகிவிடும். அப்படிக் கறுத்ததைக் காப்பாற்ற முடியாது, மேலே பச்சை மிச்சமிருந்தால் புது பிளேடால் வெட்டித் திரும்ப ஆரம்பிக்கலாம். நல்ல குச்சி மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். ரீகலும் மண இலைகளில் சிலவும் இன்னும் தாமதம். இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள், புது இலை வந்தால் வேர் வந்தாயிற்று.

மழை மாதங்கள்

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், அதாவது மே கடைசிக்குள், எல்லாத் தொட்டியும் கூரைக்குக் கீழே போயிருக்க வேண்டும். பெரிய பசுமைக்குடில் அவசியமில்லை. சுவரை ஒட்டி நாலு கம்பு, மேலே யு.வி. ஷீட், பக்கவாட்டில் திறப்பு. பக்கத்தை மூடிவிட்டால் சாரல் வராது, காற்றும் வராது. காற்று வராவிட்டால் சாம்பல் பூஞ்சணம் வரும். நான் சாரலைப் பொறுத்துக்கொள்வேன். தொட்டிகளை இலையோடு இலை உரசாத இடைவெளியில், தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் வையுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உரம் இல்லை. தண்ணீரும் ஏறக்குறைய இல்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனமில்லாமல் இருந்தால் காலையில் ஓரமாகக் கொஞ்சம். காய்ந்த பூவையும் பழுத்த இலையையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும். படர்ந்து தொங்கும் ஐவி இலை வகையில் இலையின் அடிப்பக்கத்தில் தக்கை போலச் சொறி தெரிந்தால் பயப்பட வேண்டாம், நோயில்லை. வேர் குடித்த நீர் ஈரக்காற்றில் வெளியேற முடியாமல் இலை செல்கள் வெடித்தது. தண்ணீரைக் குறைத்தால் புது இலை சுத்தமாக வரும். துலாமழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, இவ்வளவு மோசமில்லை, ஆனால் அது முடியும்வரை கூரையை எடுக்காதீர்கள்.

ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் புல் வெள்ளையாகும் காலைகள் உண்டு. அந்த உறைபனி இரவுகளில் மட்டும் தொட்டிகளைத் திண்ணைக்குள் நகர்த்துங்கள். காய்ந்த மண்ணில் நிற்கும் செடி குளிரை நன்றாகவே தாங்கும், ஈர மண்ணில் நிற்பதுதான் கருகும்.

இரண்டு நோய்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

துரு நோய் சோனல் வகைக்கு வரும். மேலே சாதாரண மஞ்சள் புள்ளி. இலையைத் திருப்பினால் அதே இடத்தில் பழுப்புப் பொடி, ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம். விரலில் ஒட்டும். அந்த இலையை அங்கேயே ஆட்டாமல் கவருக்குள் கிள்ளிப் போட்டு எரித்துவிடுங்கள், இலை நனையாமல் பாருங்கள், மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். ரீகலுக்கும் மண இலைக்கும் இந்தத் தொல்லை குறைவு.

பாக்டீரியா வாடல் வேறு ரகம். இலை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சளாகும், மண்ணில் ஈரமிருந்தும் கிளை தொங்கும், தண்டை வெட்டினால் உள்ளே பழுப்பு. மருந்தில்லை. செடி, மண் இரண்டையும் அப்புறப்படுத்த வேண்டும். கத்தி வழியாகவும் தண்ணீர்த் தெறிப்பு வழியாகவும் பரவும். அதனால்தான் பிளேடு துடைப்பதைப் பற்றி இவ்வளவு பேச்சு. கைமாறும் எந்தச் செடியும் புது வீட்டில் மூன்று வாரம் தனியாக இருக்க வேண்டும், கொடுத்தவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் சரி. வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் போதும்.

கண்காட்சிக்குத் தயார் செய்வது

ஊட்டி மலர்க்கண்காட்சி 1896 முதல் நடக்கிறது. கொடைக்கானல் பிரையன்ட் பூங்காக் கண்காட்சியும் மே மாதத்தில்தான். வயநாட்டு அம்பலவயலில் ஜனவரியில் பூப்பொலி உண்டு, ஆனால் அந்த மாதத்தில் நம் ரீகல் மொட்டுகூடக் கட்டியிருக்காது. எனவே மே மாதத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

செப்டம்பர் குச்சி ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் வரும். அவை மூன்று இலை விட்டதும் அவற்றின் நுனியையும். ரீகலுக்கு டிசம்பரோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும், பிறகு வரும் குளிர் வாரங்கள் மொட்டுக்கானவை. பிப்ரவரியில் ஆசைப்பட்டு ஒரு கிள்ளு கிள்ளினால் மே மாதத்தில் பச்சைப் புதர்தான். சோனலில் அடுக்குப் பூ வகைக்குப் பிப்ரவரி முதல் வாரம் கடைசிக் கிள்ளல், ஒற்றைப் பூவுக்கு அதற்கு இரண்டு வாரம் கழித்து. அதன்பிறகும் மார்ச் பாதி வரை எட்டிப்பார்க்கும் மொட்டுக் காம்புகளை எடுத்துக்கொண்டே இருங்கள். புதியவர்கள் இங்கேதான் மனசு இளகுவார்கள். முதல் மொட்டை விட்டுவைத்தால் ஏப்ரலில் வீட்டு வாசல் அழகாக இருக்கும், கண்காட்சி மேசையில் காம்பு மட்டும் நிற்கும்.

வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்புங்கள், இல்லாவிட்டால் செடி வெயில் பக்கம் சாய்ந்து ஒருபக்க மொட்டையாகிவிடும். பிப்ரவரி வரை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமான 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மொட்டை விட்டுவைக்க ஆரம்பித்ததும் தழைச்சத்து குறைந்து சாம்பல் சத்து கூடிய 13:0:45, அதே அளவு. தழைச்சத்து கூடினால் இலை வீட்டுக்கூரையைத் தொடும், பூ எண்ணிப் பார்க்கும்படி இருக்கும்.

நடுவர் பார்ப்பது பெரிய பூவை மட்டுமல்ல. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் செடி ஒரே மாதிரி நிறைந்திருக்கிறதா, தொட்டிக்கும் செடிக்கும் பொருத்தம் உண்டா, இலை சுத்தமா, பெயர்ச் சீட்டு சரியா என்று எல்லாம் பார்ப்பார். பிரிட்டன் கண்காட்சிகளில் குட்டி வகைக்கு இலைத்தொகுதியின் உயரம் ஐந்து அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தொட்டி மூன்றரை அங்குலத்துக்கு மேல் கூடாது என்று அளவுகோலே வைத்திருக்கிறார்கள். நம் குழுவுக்குள் சின்னக் காட்சி நடத்தும்போது இதைக் கடன் வாங்கலாம், சண்டை குறையும். இங்கே பொதுக் கண்காட்சிகளில் ஜெரேனியத்துக்கென்று தனிப் பிரிவுகள் விரிவாக இருக்காது. விதிமுறைத் தாளை முன்கூட்டியே வாங்கி, தொட்டிச் செடிப் பிரிவில் அளவும் கடைசித் தேதியும் என்னவென்று படித்துவிடுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் அலங்காரம். மெல்லிய சாமணத்தால் ஒவ்வொரு கொத்தின் நடுவிலும் வாடிய பூவைக் காம்போடு எடுக்க வேண்டும். நடுப்பூதான் முதலில் விரிந்து முதலில் வாடும், அதை எடுத்தால் சுற்றியுள்ளவை மெல்ல நகர்ந்து இடத்தை நிரப்பும். இலைத் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். பளபளப்புக்கு எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, நடுவர்களுக்கும் பிடிப்பதில்லை. தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

பயணம்தான் பெரிய கண்டம். முதல் நாளே தண்ணீர் விட்டு, போகும் நாளில் விடாமல் ஏற்றுங்கள். பழக்கடை கிரேட்டில் தொட்டிகளை வைத்து இடைவெளியில் கசக்கிய பேப்பரைத் திணியுங்கள். ஒவ்வொரு பூக்காம்புக்கும் மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள், கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் பஞ்சு. போடிமெட்டு இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒற்றைப் பூ ரகங்கள் இதழை உதிர்க்கும். தூரம் போவதாக இருந்தால் அடுக்குப் பூவையோ இலை அழகு வகையையோ கொண்டுபோங்கள். குழுவாகப் போனால் ஜீப் வாடகை பங்கு பிரியும், இறங்கியதும் ஒருவர் சாமணம் பிடிக்க ஒருவர் சீட்டு எழுதலாம்.

கண்காட்சியிலிருந்து திரும்பிய செடியை நேராக மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். அங்கே யார் யார் செடியோ பக்கத்தில் நின்றிருக்கும். மூன்று வாரம் தனியாக. அந்த வாரத்திலேயே பூவையெல்லாம் வெட்டி, செடியைப் பாதியாகக் கவாத்து செய்து, விழும் குச்சிகளைக் குழுவில் பங்கு போட்டுவிடுங்கள். வாங்கிக்கொள்கிற வீட்டிலும் அவை தனியாகவே இருக்கட்டும். மறையூருக்குப் போக வேண்டியது மே கடைசிக்குள் மறையூர் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும்.